கரண்டும் இல்லை, டீசலும் இல்லை. ஆனால் கூலி உண்டு



போன மாதம் மட்டும் ஒரே வீடியோவை ஏழு பேர் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். ஓர் ஓடைக்கரை. நாலைந்து துண்டு பிவிசி குழாய், இரண்டு வால்வு, தலைகீழாகச் செருகிய ஒரு பிளாஸ்டிக் பாட்டில். ஒயர் கிடையாது, எஞ்சின் கிடையாது. அது பாட்டுக்கு 'டக்... டக்...' என்று அடித்துக்கொண்டு மேட்டின் மேலே தண்ணீரை ஏற்றுகிறது. "இது நிஜமா சார்?" என்று கேட்டிருந்தீர்கள். ஒருவர் மட்டும், "சார், நீங்க நடத்தின ஆற்றல் அழிவின்மை விதி பொய்யாப் போச்சே!" என்று எழுதிச் சிரிக்கும் பொம்மை ஒன்றையும் போட்டிருந்தார். முப்பது வருடம் கழித்து வாத்தியாரைக் கிண்டல் செய்ய வாய்ப்புக் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்!

எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதுகிறேன். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கேட்டவர்களில் இரண்டு பேருக்கு இது வேடிக்கை இல்லை. ஒருவன் என் அக்கா மகன்; இந்த மாதிரி பம்பு ஒன்றுக்கு முன்பணம் கட்டத் தயாராக இருந்தான். இன்னொருத்தி என்னிடம் படித்த மாணவி. இப்போது ஒரு மலைக்கிராமத்தில் ஆசிரியை. அங்கே பெண்கள் ஓடையிலிருந்து குடம் சுமந்து மேடேறுகிறார்கள். இருவரும் கேட்டது ஒரே பம்பைப் பற்றி. அவனுக்கு 'வேண்டாம்' என்றேன். அவளுக்கு 'அளந்து பார்' என்றேன். ஏன் அப்படி என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், சாயங்காலம் டீ குடிக்கும்போது படியுங்கள்.

முதலில் சுருக்கமான பதில். நீங்கள் அனுப்பிய அந்த வீடியோ பொய்யில்லை. விதியும் பொய்யாகவில்லை. ஒளித்து வைத்த மோட்டாரோடு எடுத்த வேறு வீடியோக்களும் சுற்றுகின்றன, அவற்றை விடுங்கள். இதில் இருப்பது 'ஹைட்ராலிக் ராம்' என்கிற பம்பு. வயது இருநூறுக்கு மேல்.

இதன் ரகசியத்தை நீங்கள் வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். வாஷிங் மெஷின் தண்ணீர் பிடித்து முடிக்கும்போது கேட்பதும் அதே சத்தம்தான். குழாய் ஆடுகிறது என்று பிளம்பரைக் கூப்பிடுவோம். ஆடுவது குழாய்தான், ஆட்டுவது ஓடிவந்த தண்ணீரின் உந்தம்.

உந்தத்துக்கு நான் வகுப்பில் சொல்லும் டவுன் பஸ் உதாரணம் நினைவிருக்கிறதா? நிற்க இடமில்லாத பஸ். டிரைவர் சட்டென்று பிரேக் போடுகிறார். பின்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் முன்னால் சாய்கிறார்கள். அத்தனை பேருடைய தள்ளலும் முன்படிக்கட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நிற்கிற ஒருவர் மேல் வந்து விழுகிறது. குழாய்க்குள் ஓடும் தண்ணீரும் அப்படித்தான். முன்னால் கதவு சாத்தப்பட்டது பின்னால் வருகிற தண்ணீருக்குத் தெரியாது. அது வந்த வேகத்தில் வந்து முட்டும்.

எவ்வளவு பலமாக முட்டும்? 2 அங்குலக் குழாய், நீளம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுமார் 39 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதாவது 39 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டையில் ஒன்றரை மூட்டை. அது வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், ஆள் நடக்கிற வேகத்தில், வருகிறது. இரும்புக் குழாயில் அதைக் கண் இமைக்கும் நேரத்தில் நிறுத்தினால், 100 மீட்டர் உயரமுள்ள தண்ணீர்த் தொட்டியின் அடியில் இருக்கும் அழுத்தத்தையும் தாண்டி அழுத்தம் எகிறும். ஆனால் அது ஒரு கணம்தான் நிற்கும். பொறியாளர்கள் இதை 'வாட்டர் ஹாமர்' என்பார்கள். தமிழில் நீர்ச்சுத்தி என்று சொல்லலாம். பெரிய குழாய்கள் வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லோரும் இந்த அடியிலிருந்து குழாயை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்தபோது, ஒருவர் இந்த அடியை ஏன் வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று யோசித்தார். அவர் ஜான் ஒயிட்ஹர்ஸ்ட். இங்கிலாந்தில் டெர்பி ஊரைச் சேர்ந்த கடிகாரக்காரர். 1772இல் செஷயர் பகுதியில் ஓல்ட்டன் என்ற இடத்தில் இருந்த ஒரு மாளிகையில் இதைச் செய்து காட்டினார். சமையலறைக் குழாயை வேலைக்காரர்கள் திறந்து மூடும்போதெல்லாம் 'டொக்' என்று எழுந்த அழுத்தத்தை ஒரு வால்வு வழியாகக் காற்று அடைத்த பாத்திரத்துக்குள் விட்டார். அங்கிருந்து தண்ணீர் மேலே இருந்த தொட்டிக்கு ஏறியது. பாத்திரம் கழுவுகிறவர்கள் குழாயைத் திறந்து மூடுவதுதான் பம்பை ஓட்டியது. அவர்களுக்கு அது தெரிந்திருக்குமா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஆனால் அந்தப் பம்புக்கு ஒரு கை வேண்டும். யாராவது திறந்து மூடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கையை எடுத்துவிட்டவர் பிரான்ஸ் நாட்டு ஜோசப் மோன்கோல்ஃபியர். பெயர் தெரிந்த மாதிரி இருக்கிறதா? 1783இல் வெப்பக் காற்று பலூனைப் பறக்கவிட்ட சகோதரர்களில் மூத்தவர் அவர்தான். காகிதம் செய்கிற குடும்பம். வோரோன் என்ற ஊரில் இருந்த தன் காகித ஆலைக்குத் தண்ணீர் ஏற்ற, 1796இல் தானாகவே திறந்து மூடும் பம்பைச் செய்தார். மறு வருடம் அவருக்காக இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிக் கொடுத்தவர் மேத்யூ போல்ட்டன், நீராவி எஞ்சின் ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி. நிலக்கரி எஞ்சின் விற்றவர், கரி வேண்டாத பம்புக்கும் துணை நின்றிருக்கிறார்.

மோன்கோல்ஃபியர் வைத்த பெயரில் 'செம்மறிக் கிடா' என்ற பொருள் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ராம்' என்பதும் அதுதான். மதுரைப் பக்கம் கிடா முட்டு பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கிடா பின்னால் போகும், ஓடி வரும், முட்டும்; மறுபடியும் பின்னால் போகும். இந்தப் பம்பும் அதையே செய்கிறது. இனிமேல் நானும் இதைக் கிடா பம்பு என்றே சொல்கிறேன்.

இப்போது உள்ளே போய்ப் பார்ப்போம். கற்பனையில் கரும்பலகையைக் கொண்டு வாருங்கள்.

ஓடையில் சற்று மேலே ஒரு சின்னத் தடுப்பு. அங்கிருந்து சாய்வாக ஓர் இரும்புக் குழாய் கீழே வருகிறது. குழாயின் அடிமுனையில் இரண்டு வால்வு. முதல் வால்வு சாதாரணமாகத் திறந்தே இருக்கும். தண்ணீர் அதன் வழியாக வெளியே கொட்டி ஓடைக்கே போய்விடும். இதைக் கழிவு வால்வு என்பார்கள். இரண்டாவது வால்வு ஒரு மூடிய பாத்திரத்துக்குள் திறக்கும். பாத்திரத்தின் மேல்பாதியில் காற்று. பாத்திரத்தின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மலைமேல் இருக்கும் தொட்டிக்குப் போகிறது.

தண்ணீர் கழிவு வால்வு வழியாகக் கொட்டக் கொட்ட, குழாய்க்குள் வேகம் கூடுகிறது. ஒரு வேகம் வந்ததும் அந்த ஓட்டமே வால்வின் மூடியை இழுத்துச் சாத்திவிடுகிறது. 'டக்!' ஒன்றரை மூட்டைத் தண்ணீருக்குப் போக வழியில்லை. அழுத்தம் எகிறி இரண்டாவது வால்வைத் தள்ளித் திறந்து, கொஞ்சம் தண்ணீர் பாத்திரத்துக்குள் புகுந்து காற்றை அமுக்குகிறது. அதோடு வேகம் தீர்ந்துவிடும். தண்ணீர் ஒரு கணம் பின்வாங்கும். இரண்டாவது வால்வு மூடிக்கொள்ளும். உள்ளே போனது திரும்பி வர முடியாது. முன்னால் அழுத்தம் குறைந்ததால் கழிவு வால்வு தன் எடையாலேயே விழுந்து திறக்கும். மறுபடி ஓட்டம், மறுபடி முட்டல். பொதுவாக நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை. அமுங்கிய காற்று விரிந்து தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருப்பதால், மலைமேல் தொட்டியில் தண்ணீர் விட்டு விட்டு வராமல் ஏறக்குறைய ஒரே சீராக விழும்.

வீடியோவில் இருந்த தலைகீழ் பாட்டில், அந்தக் காற்றுப் பாத்திரம்தான்.

நான் நீலகிரியில் வேலை பார்த்த வருடங்களில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பள்ளிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓடையில் பழைய வார்ப்பிரும்புக் கிடா ஒன்று இருந்தது. உங்களை இரண்டிரண்டு பேராக வரிசையில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அட்டை கடிக்கும் என்று பாதிப் பேர் மேலேயே நின்றுவிட்டீர்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் வயதான ஒரு தோட்டத் தொழிலாளி. "ராத்திரி பகல் அடிச்சுக்கிட்டே இருக்கும் சார். அந்தச் சத்தத்துல நல்லாத் தூக்கம் வரும். சத்தம் நின்னா எனக்கு முழிப்பு வந்துரும். எலை அடைச்சிருக்கும்னு வெளக்கை எடுத்துக்கிட்டு எறங்குவேன்" என்றார். இயந்திரம் பழுதானால் ஒலிக்கிற மணியைப் பார்த்திருக்கிறோம். இதுவோ, பழுதானால் மௌனமாகி ஆளை எழுப்பும் இயந்திரம்.

சரி, இப்போது அந்தக் கிண்டல்காரருக்குப் பதில். கரண்ட் இல்லாமல், எண்ணெய் இல்லாமல் தண்ணீர் மேலே ஏறுகிறதே, அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது?

கீழே விழுந்த தண்ணீரிலிருந்து. அவ்வளவுதான். நிறையத் தண்ணீர் கொஞ்சம் உயரம் விழுகிறது. கொஞ்சம் தண்ணீர் நிறைய உயரம் ஏறுகிறது. 10 லிட்டர் ஒரு மீட்டர் விழுந்தால் கிடைக்கும் ஆற்றல், ஒரு லிட்டரை 10 மீட்டர் ஏற்றும் ஆற்றலுக்குச் சமம். இது இழப்பே இல்லாத கணக்கு. நிஜத்தில் உராய்வு, சத்தம், வால்வுக் கசிவு என்று கொஞ்சம் போய்விடும். நன்றாகச் செய்த கிடா பம்பில் சுமார் 60 சதவீதம் கைக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு லிட்டர் வேண்டிய இடத்தில் அரை லிட்டரும் கொஞ்சமும்தான் மேலே போகும்.

அதனால் நான் 'இலவசம்' என்ற வார்த்தையை இந்தப் பம்புக்குச் சொல்ல மாட்டேன். தண்ணீர் இறைப்பதற்கு என்றைக்கும் யாரோ கூலி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் ஏற்றம் இறைத்த காலத்தில், மேலே துலாவில் நடந்தவரின் காலும் கீழே சாலைப் பிடித்துக் கவிழ்த்தவரின் தோளும் கூலி கொடுத்தன. கவலை இறைத்தபோது மாடு கொடுத்தது. டீசல் எஞ்சினுக்கு நம் பாக்கெட் கொடுக்கிறது. விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம் என்றாலும் அந்தப் பணத்தை அரசாங்கம் கட்டுகிறது. எங்கோ கரி எரிகிறது. கிடா பம்பில் கூலியைத் தண்ணீரே கொடுக்கிறது. பத்துப் பங்கு வந்தால் ஒன்பது பங்குக்கு மேல் கீழே இறங்கிப் போய், மிச்சத்தை மேலே அனுப்பி வைக்கிறது.

கூலியை யார் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். இந்தப் பம்பு எங்கே ஓடும், எங்கே ஓடாது என்று பொறியியல் படிக்காமலே சொல்லிவிடலாம்.

இனி அக்கா மகன் கதை. அவனுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருக்கின்றன. இலவச மின் இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். அதுவரைக்கும் டீசல் எஞ்சின். தக்காளிக்கு விலை இல்லாத மாதத்தில் டீசலுக்குக் கடன் வாங்குகிறான். அப்படி இருக்கிறவனுக்குப் போனில் ஒருவர், 'கரண்ட் வேண்டாம், டீசல் வேண்டாம், கிணத்துக்குள்ள எறக்கி விட்டாப் போதும், ஆயுசுக்கும் ஓடும்' என்று சொல்லி இதே வீடியோவை அனுப்பினால் ஆசை வராதா? முன்பணம் 15 ஆயிரம் கேட்டிருக்கிறார்.

"வீடியோவுல ஓடுதே மாமா!" என்றான்.

"ஓடுதுடா. ஓடை இருக்கு, ஓடுது. உன் கிணத்துல தண்ணி ஓடுதா, கெடக்குதா?"

"கெடக்குது."

"எத்தனை அடியில?"

"அம்பது அடியில."

"அது இன்னும் கீழ விழறதுக்கு எடம் எங்க இருக்கு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. கிணற்றுத் தண்ணீர் ஏற்கெனவே பள்ளத்தின் அடியில் கிடக்கிறது. அதற்கு விழ இடமில்லை. விழாத தண்ணீரால் கூலி கொடுக்க முடியாது. ஆழ்துளைக் கிணறாக இருந்தாலும், வீட்டுச் சம்பாக இருந்தாலும், தேங்கி நிற்கிற குட்டையாக இருந்தாலும் இதே பதில்தான். கீழ்த் தொட்டியிலிருந்து மேல் தொட்டிக்கு ஏற்றி, அதையே திரும்ப விழவைத்து, மறுபடி ஏற்றி என்று வட்டமாகச் சுற்றலாமே என்று சிலர் கேட்பீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் 100 ரூபாய் கொடுத்து 60 ரூபாய் வாங்குகிற வியாபாரம் அது. எத்தனை நாள் நடக்கும்?

இங்கே கவனிக்க வேண்டியது இதுதான். வீடியோ உண்மை. பம்பு உண்மை. விற்கிறவர் சொன்ன இடம்தான் பொய். முழுப் பொய்யைக் கண்டுபிடிப்பது சுலபம். உண்மையான பொருளைத் தப்பான இடத்துக்கு விற்பதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். மருந்திலிருந்து முதலீட்டுத் திட்டம் வரைக்கும் இப்படித்தான் ஏமாறுகிறோம். அவன் இன்னும் முழுசாகச் சமாதானமாகவில்லை. என்மேல் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. ஆனால் பணம் அனுப்பவில்லை. சூரியசக்தி பம்புக்கு மானியம் கிடைக்குமா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் போய்க் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது மாணவியின் கதை. பெயர் போட வேண்டாம் என்றாள், ஊரையும் சொல்லவில்லை. 22 வீடு, ஏறக்குறைய 90 பேர். ஓடை கீழே, ஊர் மேலே. வீட்டுக்கு ஆறேழு குடம் என்று பெண்கள் காலையிலும் மாலையிலும் ஏறி இறங்குகிறார்கள். அவள் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை திங்கட்கிழமைகளில் முதல் பாடவேளைக்கு வருவதே இல்லையாம். கேட்டால், "அம்மா வேலைக்குப் போற நாள் டீச்சர், நான்தான் தண்ணி எடுக்கணும்" என்றதாம். முன்னொரு காலத்தில் யாரோ மோட்டார் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அது எரிந்து போய், கட்டிக்கொடுத்த தொட்டி மட்டும் காய்ந்து நிற்கிறது.

"கரண்டே வேண்டாம்னா இதை நாங்களே பார்த்துக்குவோம்ல சார்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் பழைய நோட்டுகளைத் தேடி எடுத்தேன்.

அவளை நாலு அளவு எடுக்கச் சொன்னேன். நீங்களும் எங்காவது இப்படி ஓர் ஓடையைப் பார்த்தால் இந்த நாலையும்தான் கேட்க வேண்டும்.

ஒன்று, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது. ஓடையைச் சின்னதாக மறித்து ஒரு குழாய்த் துண்டு வழியாக விட்டு, 15 லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை வினாடி என்று செல்போனில் பார்த்தால் போதும்.

இரண்டு, எவ்வளவு உயரம் விழ முடியும். பெரிய கருவி வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கிற டியூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய அந்த நீளக் கண்ணாடிக் குழாயின் இரண்டு முனையிலும் மட்டம் ஒன்றாக நிற்கும். அதை வைத்துப் படிப்படியாக இறங்கி அளக்கலாம்.

மூன்று, எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டும். அதே டியூப் லெவல், மேல்நோக்கி.

நான்கு, எவ்வளவு தண்ணீர் தேவை.

கார்த்திகையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அளந்தாள். பக்கெட் 5 வினாடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு 180 லிட்டர். விழும் உயரம் இரண்டரை மீட்டர், ஏற வேண்டியது 25 மீட்டர். சந்தோஷமாகப் போன் செய்தாள். நான், "பங்குனி கடைசியில மறுபடி அளந்துட்டுச் சொல்லும்மா" என்றேன். மழைக்காலத்து ஓடையை நம்பி வேலையைத் தொடங்கிவிட்டால், யாருக்குத் தண்ணீர் மிகவும் வேண்டுமோ அந்த மாதத்தில் பம்பு நின்றுவிடும். பங்குனியில் அதே பக்கெட் நிறைய 20 வினாடி ஆனது. நிமிடத்துக்கு 45 லிட்டர்தான்.

அந்தக் கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன். ஓடையில் கொஞ்சம் விட்டுவிட்டு 40 லிட்டர் எடுத்துக்கொள்வோம். 40ஐ இரண்டரையால் பெருக்கினால் 100. அதில் 60 சதவீதம் 60. ஏற வேண்டிய 25 மீட்டரால் வகுத்தால் 2.4. நிமிடத்துக்கு 2.4 லிட்டர் மேலே போகும்; மீதி 37.6 லிட்டர் கீழே ஓடைக்கே திரும்பிவிடும். 2.4 லிட்டர் என்றால் ஒரு சொம்பு, ஒன்றரைச் சொம்பு. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இந்தப் பம்புக்கு ராத்திரி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். பெருக்கிப் பாருங்கள்: 3,456 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 230 குடம்.

90 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 38 லிட்டர். கிராமத்தில் ஆளுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அதற்கு இது எட்டாது. குளிக்க, துணி துவைக்க வறட்சி மாதங்களில் ஓடைக்குத்தான் இறங்க வேண்டியிருக்கும். ஆனால் குடிக்கவும் சமைக்கவும் குடம் சுமக்க வேண்டாம். மழைக்காலத்தில் தண்ணீர் தாராளமாகவே இருக்கும். "இதுல எது நடக்கும், எது நடக்காதுன்னு ஊர்ல முதல்லயே சொல்லிடு" என்றேன். அதிகம் ஆசை காட்டி ஆரம்பித்த எதுவும் ஊரில் நிலைப்பதில்லை. அந்தக் காய்ந்த தொட்டியே சாட்சி.

இது முடியாத காரியமில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் நீக்ரோஸ் என்று ஒரு தீவு. கரும்புத் தோட்டங்களும் ஏழை மலைக்கிராமங்களும் நிறைந்தது. அங்கே 'ஐட்ஃபி' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தொண்டு நிறுவனம் பல மலைக்கிராமங்களுக்கு இந்தப் பம்பை வைத்துக் கொடுத்திருக்கிறது. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் ஔக்க இட்சங்கா என்ற டச்சுக்காரர், கப்பல் பொறியாளர். அவர்கள் செய்த புத்திசாலித்தனமான வேலை, பம்பை எளிமையாக்கியது. வால்வுக்கு விலை உயர்ந்த பாகம் தேடாமல் கடையில் விற்கிற கதவுக் கீலையே வைத்தார்கள். தேய்ந்தால் ஊர்க்காரர்களே மாற்றிக்கொள்ளலாம். 2007இல் ஆஷ்டன் விருதும், 2011இல் மகசேசே விருதும் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தன. நம் நாட்டிலும் உத்தரகண்ட், இமாச்சல மலைகளில் பாசனத்துக்கும் குடிநீருக்கும் இந்தப் பம்புகளை வைத்திருக்கிறார்கள்.

கதவுக் கீல் விஷயத்தைச் சும்மா சொல்லவில்லை. மாணவியின் ஊரில் பழைய மோட்டார் ஏன் செத்தது? எரிந்த காயிலைக் கட்ட மலையிலிருந்து யார் இறக்கிக் கொண்டுபோவது என்று முடிவாகவில்லை, அவ்வளவுதான். கிடா பம்பிலும் பழுது வரும். இலை, மணல் புகாமல் வலை வேண்டும். வால்வு ரப்பர் தேயும். காற்றுப் பாத்திரத்தில் இருக்கும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து போகும். காற்று தீர்ந்தால் மெத்தை இல்லாமல் அடி நேராகக் குழாயில் விழுந்து பம்பே உடையும். அதற்காக ஊசித்துளை போல ஒன்று வைத்து, ஒவ்வொரு தடவையும் துளி காற்றை உள்ளே இழுக்கச் செய்வார்கள். சிலர் காற்றடித்த சைக்கிள் டியூபை மடித்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். கீழே வரும் குழாய் இரும்பாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் லேசாக விரிந்து கொடுத்து அடியின் பலத்தை விழுங்கிவிடும். இவை எல்லாம் அந்த ஊரில் இரண்டு பேருக்காவது கைவந்த வேலையாக இருக்க வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும் என்றேன். தண்ணீர் நின்றால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தானே.

இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்கிறேன். ஓடை காட்டு எல்லைக்குள் வருவதால் வனத்துறை அனுமதி வேண்டும். ஊர்க்கூட்டம் போட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கீழே இருக்கும் அடுத்த ஊரிலும் போய்ப் பேசியிருக்கிறார்கள். மேலே போகிற 2.4 லிட்டர் அவர்கள் ஓடையிலிருந்தும் குறைகிற தண்ணீர்தான் என்பதை மறைக்காமல் சொல்லச் சொன்னேன். அவர்கள் மறுக்கவில்லை. குழாயைச் சுமந்து இறக்க ஊர் இளைஞர்கள் தயார். பம்புதான் இன்னும் இல்லை.

அதனால் கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். பணம் கேட்கவில்லை, யாரும் என் பெயரைச் சொல்லி வசூல் செய்ய வேண்டாம், யார் கேட்டாலும் கொடுக்கவும் வேண்டாம். எனக்கு வேண்டியது வேலை தெரிந்த கைகள். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர்கள், வெல்டிங் தெரிந்தவர்கள், குழாய் வேலை செய்கிறவர்கள் உங்களில் குறைந்தது பத்துப் பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். 2 அங்குலக் குழாய்க்கு ஏற்ற கிடா பம்பு ஒன்றை உங்கள் பட்டறையில் செய்து, மாடித் தொட்டித் தண்ணீரை விட்டு ஓட்டிப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்க முடியுமா? படம் வரைந்து வைத்திருக்கிறேன். வனத்துறையில் வேலை பார்த்தவர்கள், மனு எந்த மேசையில் நிற்கும், என்ன காகிதம் கூட வேண்டும் என்று சொல்லலாம். உங்கள் ஊர்ப் பக்கம் பழைய கிடா பம்பு ஏதாவது தோட்டத்தில் துருப்பிடித்துக் கிடந்தால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அதன் வால்வை அளந்து பார்த்தாலே பாதி வேலை முடியும்.

பின்னூட்டத்தில் எழுதுங்கள், நானே ஒவ்வொருவரையும் கூப்பிடுகிறேன். அடுத்த கார்த்திகை மழைக்குள் குழாயை இறக்கிவிட வேண்டும் என்று அவள் சொல்கிறாள். மழை வந்தால் பாதை வழுக்கும்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்